பூட்டி வைத்த சூடு

1

போன வருஷம் ஊருக்கு வந்திருந்தபோது அதியமான்கோட்டையில் என் நாத்தனார் லூர்து சொன்னாள்: "உங்களுக்கென்னங்க அண்ணி, செவுத்துல இருக்கற திருக ஒரு திருகு திருகுனா வூடே சூடாயிரும். நாங்கதான் இங்க மார்கழி மாசத்துல வெறவுக்கு அலையறோம்."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். என் கணவர் ஆரோக்கியமும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நான் வாய் திறப்பதற்குள் டீ வந்துவிட்டது. பிறகு பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

இந்தக் குளிர்காலம் முடிந்த கையோடு அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு கடிதத்துக்குள் அது அடங்கவில்லை. அதனால் ஊரில் இருக்கும் எல்லோருக்குமாக எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன். நிதானமாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மேரி. பென்னாகரம் ரோட்டில் ஒரு சின்ன ஊர். கத்தோலிக்கக் குடும்பம். அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். மழை பெய்தால் கேழ்வரகு, நிலக்கடலை. நர்ஸ் படிப்பு முடித்ததும் கன்னியர் மடத்துச் சிஸ்டர்கள் மூலமாக எழுபத்தெட்டில் மேற்கு ஜெர்மனிக்கு வந்தேன். வந்த அடுத்த வருஷமே ஊருக்கு வந்து கல்யாணம். ஆரோக்கியத்துக்கு இங்கே ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. மகள் ரோசிக்கு இப்போது எட்டு வயது.

2

நாங்கள் இருப்பது தனி வீடு இல்லை. பழைய மாடிக் கட்டடம், ஆறு குடும்பங்கள். ஒவ்வொரு அறையிலும் ஜன்னலுக்குக் கீழே இரும்பு ரேடியேட்டர் ஒன்று இருக்கும். தரைக்கு அடியில் உள்ள நிலவறையில் எண்ணெயில் எரியும் பாய்லர், தண்ணீரைச் சுடவைத்துக் குழாய் வழியாக எல்லா வீடுகளுக்கும் அனுப்பும். ரேடியேட்டரின் ஓரத்தில் ஒரு திருகு. அதில் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். லூர்து சொன்ன திருகு அதுதான். ஆனால் கீழேயிருந்து சுடுதண்ணீர் வந்தால்தான் அதைத் திருகிப் பயன். நிலவறையின் சாவி கட்டடத்துச் சொந்தக்காரரான வீட்டுக்காரரிடம் இருந்தது. அவரும் அதே கட்டடத்தில், இரண்டாம் மாடியில் இருந்தார். நாங்கள் அவருக்கு மேலே, மூன்றாம் மாடியில்.

குடிவந்த முதல் வாரமே ரேடியேட்டர் சூடாகவில்லை. அதற்கு முன் நான் இருந்தது நர்ஸ் விடுதியில். அங்கே சூடு அதுபாட்டுக்கு வந்துகொண்டிருக்கும், யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அதனால் அதற்கான சொல்லும் என் வாயில் பழகவில்லை. ஜெர்மன் மொழியில் ஹைட்சன் என்றால் வீட்டைச் சூடாக்குவது. ஹைராட்டன் என்றால் கல்யாணம் செய்துகொள்வது. நான் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டாம் மாடிக் கதவைத் தட்டி, "ஐயா, எங்கள் வீட்டில் இன்னும் கல்யாணம் செய்யவில்லை. குழந்தைக்கு ஆகாது" என்று சொல்லியிருக்கிறேன்.

அவர் குழந்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன். இரண்டு பேரும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மொழி தெரியாமல் ஒரு ஊருக்குப் போனால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்த மனிதர் அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலத்திலும் படியில் என்னைப் பார்த்தால், "என்ன அம்மா, கல்யாணம் எப்போது?" என்பார். நான் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை வார்டில் ஒரு ஷிஃப்டையே பொறுப்பேற்று நடத்துகிறவள். படியில் ஏறும்போது மட்டும் அந்தப் பழைய உளறல்தான் நான்.

3

போன நவம்பரில் மாடிப்படிச் சுவரில் வீட்டுக்காரர் ஒரு அறிவிப்பு ஒட்டினார். எண்ணெய் இந்தப் பூமியின் சொத்து, பொறுப்புள்ளவர்கள் சிக்கனமாக இருப்பார்கள், ஒரு ஸ்வெட்டரைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் குளிர் போய்விடும் என்றெல்லாம் அழகான எழுத்தில் எழுதியிருந்தார்.

சிக்கனத்தோடு எனக்குச் சண்டையில்லை. நான் பிறந்ததே சிக்கனத்தில்தான். தருமபுரியில் குளிரே கிடையாது என்று நினைக்கிறவர்கள் தை மாசத்து விடியலில் பென்னாகரம் பக்கம் வந்து நின்று பார்க்கட்டும். எங்கள் வூட்டில் ஒரே அடுப்பு. சோறு வடித்த தணலில் வெந்நீர், வெந்நீர் போட்ட சாம்பலில் சீனிக்கிழங்கு. அதற்கு மேல் எதைச் சிக்கனம் செய்வது?

அம்மாவும் நானும் காட்டோரம் சுள்ளி பொறுக்கப் போவோம். காய்ந்து விழுந்ததை மட்டும்தான் எடுப்போம். ஒருநாள், அங்கே மரம் வெட்டக் குத்தகை எடுத்திருந்த ஒரு காண்ட்ராக்டரின் ஆள் எங்களை மறித்தான். சுள்ளிக்கட்டையும் கொடுவாளையும் பிடுங்கிக்கொண்டான்.

"ஆளாளுக்கு வந்து இப்படிப் பொறுக்குனா காடு என்னத்துக்கு ஆவறது? ரெண்டு வேளை ஒலை வெக்கறத ஒரு வேளையா வெச்சிக்கோங்க. சிக்கனமா இருந்து பழகுங்க" என்றான்.

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குப் பின்னால் முழு முழு மரங்களாக ஏற்றிய லாரி ஒன்று மேடேற முடியாமல் உறுமிக்கொண்டு போனது. அம்மா லாரியைப் பார்த்தாள்.

"அந்த லாரிய நிறுத்தி அதுக்கு மொதல்ல சொல்லுங்க சாமி" என்றாள்.

அவன் கையை ஓங்கினான். அடிக்கவில்லை. ஆனால் கொடுவாள் திரும்பி வரவேயில்லை. அன்றிலிருந்து யாராவது எனக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்க வந்தால், சொல்கிறவர் வீட்டு அடுப்பில் என்ன எரிகிறது என்று பார்க்கத் தோன்றும். வீட்டுக்காரரின் அறிவிப்பைப் படித்தபோது அப்படி ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. எழுத்து அழகாக இருந்ததாலோ என்னவோ.

ரோசியின் பள்ளிக்கூடத்திலும் அதே சமயத்தில் சிக்கனப் பாடம். எண்ணெய்த் துளி அழுவது போல ஒரு படம் வரைந்து கொண்டுவந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அறை அறையாகப் போய் எல்லாத் திருகையும் ஒன்றுக்குத் திருப்பினாள்.

"கை வெரைக்குது கண்ணு, அதத் தொறந்து வுடு" என்றேன்.

நான் தமிழில் பேசினால் அவள் ஜெர்மனில்தான் பதில் சொல்வாள். "நீங்கதான் வீணாக்குறீங்க. எங்க டீச்சர் வீட்டில் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கிறாங்க. உங்களுக்கு எப்பவும் சூடு வேணும், ஏன்னா நீங்க இந்தியாவிலிருந்து வந்தவங்க" என்றாள்.

நீங்க. நாம் இல்லை.

டிசம்பரில் திருகு எந்த எண்ணில் இருந்தாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. ஐந்தில் வைத்தாலும் ரேடியேட்டர், குடிக்க மறந்த டீ டம்ளர் மாதிரி வெதுவெதுவென்று இருக்கும். விடிகாலையில் அதுவும் இருக்காது. மூன்று பேரும் ஒரே அறையில் படுத்தோம். ஆரோக்கியம் கோட்டோடு சாப்பிட்டார்.

"ஏங்க, கீழ போயி ஒரு வார்த்தை கேளுங்க" என்றேன்.

"ஒலகத்துலயே எண்ணெ கொறையுதுங்கறாங்க மேரி. அவரு என்ன பண்ணுவாரு? இன்னொரு கம்பளிய சேத்துப் போத்திக்குவோம். வெளிநாட்டுக்காரங்க நாம, எதுக்கு வம்பு?"

படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை பூத்தது. ரோசிக்கு இருமல் தொடங்கியது. அதற்கு மேல் நான் பொறுக்கவில்லை, வீட்டுக்காரரை மேலே கூப்பிட்டேன். வந்தவர் சுவரைப் பார்க்கவில்லை. சமையலறைக்குள் போய் மோந்து பார்த்தார்.

"அரிசி வேகவைக்கிறீர்கள். அந்த ஆவிதான். தினமும் ஜன்னல்களை அகலத் திறந்து வையுங்கள், சரியாகிவிடும்."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கிறது, ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார். கோபம் வந்தால் என் ஜெர்மன் தடுமாறும். பக்கத்தில் நின்ற ரோசியிடம் தமிழில் சொன்னேன்: "ஆவியால ஒண்ணுமில்ல, நீங்க சூட்டைக் கொறச்சதாலதான் செவுரு ஈரமாவுது, கொழந்தைக்கு இருமல் வந்திருக்குதுன்னு அவருகிட்டச் சொல்லு."

ரோசி தரையைப் பார்த்தாள். "நான் சொல்ல மாட்டேன்" என்றாள், ஜெர்மனில், அவருக்குக் கேட்கும்படி.

அவர் அவள் தலையைத் தடவி, "புத்திசாலிப் பெண்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் மகளின் தலை மேல் அந்தக் கை. இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

4

தரைத்தளத்தில் கிரேமர் அம்மாள் தனியாக இருந்தார். எழுபது தாண்டிய விதவை. இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். நான் வேலையிலிருந்து வரத் தாமதமானால் ரோசி அவர் வீட்டில்தான் இருப்பாள். நான் ரசம் கொண்டுபோய்க் கொடுத்தால் மூக்கைச் சிந்திக்கொண்டே குடித்து, "மிளகு சூப் இன்னும் இருக்கிறதா?" என்பார்.

வீட்டுக்காரரின் அறிவிப்பை அந்தக் கட்டடத்தில் வேதவாக்காக எடுத்துக்கொண்டது அவர்தான். படுக்கையறை ரேடியேட்டரை முழுக்க மூடினார். சமையலறையில் மட்டும் இரண்டாம் எண்ணில் வைத்துக்கொண்டு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரரைப் பற்றி நான் முறையிட்டால் என்னைத்தான் திட்டுவார்.

"யுத்தம் முடிந்த குளிர்காலத்தில் நாங்கள் நாற்காலிகளை உடைத்து எரித்தோம், மேரி. இதெல்லாம் ஒரு குளிரா? அவர் கௌரவமான மனிதர். சேமிக்கச் சொல்கிறார், சேமிக்கிறேன்."

சனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். அவருடைய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி ரோசியை அனுப்பியிருந்தேன். போனவள் படிகளில் தடதடவென்று ஓடி வந்தாள்.

"அம்மா, கிரேமர் பாட்டி கோட்டக் கழட்டுறாங்க. எம் பேர தப்பா சொல்றாங்க. நீ வாயேன், சீக்கிரம் வாயேன்!"

அவ்வளவையும் தமிழில் சொன்னாள். இறங்கி ஓடும்போது அது எனக்கு உறைக்கவில்லை.

கிரேமர் அம்மாள் சமையலறைத் தரையில், ரேடியேட்டர் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்திலேயே உறைபனி படிந்திருந்தது. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்வெட்டரின் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார். விரல்களுக்குப் பொத்தான் அகப்படவில்லை.

"புழுக்கமாக இருக்கிறது" என்றார். நாக்கு தடித்திருந்தது.

அவர் நடுங்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. குளிரில் உடம்பு நடுங்குகிறவரைக்கும் அது போராடுகிறது என்று அர்த்தம். நடுக்கம் நின்று, புழுங்குகிறது என்று துணியைக் கழற்ற ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து. அவர் சட்டைக்குள் கையை விட்டு வயிற்றைத் தொட்டேன். வயிறே சில்லென்று இருந்தது.

"ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க!" என்று கத்தினேன். பின்னாலேயே வந்த ஆரோக்கியம் கிரேமர் அம்மாளின் போனுக்கு ஓடினார். நான் கிரேமர் அம்மாளை மெதுவாகப் படுக்க வைத்து, இருந்த கம்பளிகளையெல்லாம் சுற்றி, தலையையும் மூடினேன். கை கால்களைத் தேய்க்கக் கூடாது, இதயத்துக்கு ஆகாது. தேய்க்க வந்த பக்கத்து வீட்டம்மாவைத் தடுத்தேன். ரோசி சுவரோடு ஒட்டி நின்று அழுதுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் ரேடியேட்டரின் திருகைப் பார்த்தேன். ஐந்தில் இருந்தது. அத்தனை வாரம் இரண்டுக்கு மேல் திருகாத பெண்மணி, தாங்க முடியாமல் ஐந்துக்குத் திருப்பியிருக்கிறார். ரேடியேட்டர் மேல் கையை வைத்தேன். தரையும் அதுவும் ஒரே குளிர்.

ஆம்புலன்ஸ்காரர் அளந்தபோது உடம்புச் சூடு முப்பத்தொரு டிகிரி இருந்தது. உங்களுக்கும் எனக்கும் முப்பத்தேழு இருக்கும். அவர்கள் தூக்கிக்கொண்டு போனதும், வீட்டுக்காரரைக் கேட்டே தீருவது என்று படியேறினேன். இரண்டாம் மாடியில் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்துகொண்டு அவரே நின்றார்.

"யாருக்கு என்ன?" என்றார்.

நான் அவரை மேலிருந்து கீழே பார்த்தேன். அவர் அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். காலில் செருப்புகூட இல்லை. அந்தக் கதவுக்குள்ளிருந்து கதகதப்பான காற்று வந்து என் முகத்தில் மோதியது. பங்குனி மாசத்து மத்தியானக் காற்று மாதிரி.

எனக்குப் பின்னால் நின்ற ஆரோக்கியத்தின் முகத்திலும் அது பட்டிருக்க வேண்டும். மாடிக்கு வந்து கதவைச் சாத்தியதும் அவர் உட்காரவில்லை.

"திங்கக்கெழம நான் லீவு போடறேன். எந்த ஆபீஸுன்னு கேட்டு வை, போவோம்" என்றார்.

5

நகராட்சியின் குடியிருப்பு அலுவலகத்தில் முதல் கவுண்டரில் இருந்தவர், பாதிக்கப்பட்டது கிரேமர் அம்மாள் என்றால் அவர்தான் நேரில் வந்து புகார் செய்ய வேண்டும் என்றார். நேரில் வர முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றேன். அப்படியானால் குணமானதும் வரட்டும் என்றார். இந்தப் பதிலை அவர் எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் என்பதை உங்களுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. நம் ஊர் ஆபீஸில் எரிந்து விழுவார்கள். இங்கே புன்னகையோடு கதவைச் சாத்துவார்கள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கிரேமர் அம்மாளிடம் கேட்டேன். எங்கள் ஆஸ்பத்திரிதான், பக்கத்து வார்டு. பேச்சு தெளிந்திருந்தது.

"புகாரா? கூடாது. என் உடம்பு கிழடாகிவிட்டது, அதற்கு அவர் என்ன செய்வார்? நான் கொஞ்சம் அதிகமாகச் சேமித்துவிட்டேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நோயாளியிடம் கத்தக்கூடாது என்பதற்காக.

மறுநாள் என் வீட்டுக்காக நானே புகார் செய்யப் போனேன். இந்த முறை உள்ளே ஒரு அதிகாரி. நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"பாருங்கள் அம்மா, சூடான நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே சாதாரண அறையே குளிராகத்தான் தெரியும். இது அடிக்கடி வரும் புகார். உங்களுக்குக் குளிர்கிறது என்பதை வைத்து நாங்கள் நடவடிக்கை எடுக்க முடியாது."

ஆரோக்கியம் என் கையைப் பிடித்தார். அடக்குவதற்காக என்று நினைத்தேன்.

"சொல்லு மேரி. வுடாத" என்றார்.

சொன்னேன். ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை.

"எனக்குக் குளிர்வதை விடுங்கள் ஐயா. எங்கள் கட்டடத்துத் தரைத்தளத்தில் இருந்த அம்மாளின் உடம்பு, என் கண்முன்னால் அளந்தபோது முப்பத்தொரு டிகிரி. அவர் சூடான நாட்டிலிருந்து வரவில்லை. உங்கள் ஆபீஸுக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவர். அவருக்கும் பழக்கமில்லை என்று சொல்வீர்களா?"

அவர் எழுந்து கோட்டை எடுத்தார்.

அன்றைக்கே வந்தார். வீட்டுக்காரர் நிலவறைச் சாவியைத் தேடினார், தேடினார், தேடிக்கொண்டே இருந்தார். அதிகாரி படியிலேயே உட்கார்ந்து காத்திருந்தார். குடியிருக்கும் நாங்கள் எல்லோரும் ஒவ்வொருவராக வந்து படியில் நின்றோம். கடைசியில் சாவி கிடைத்தது.

பாய்லரிலிருந்து இரண்டு குழாய்கள் பிரிந்தன. ஒன்று இரண்டாம் மாடிக்கு மட்டும். மற்றது எங்கள் எல்லோருக்குமாக. எங்கள் குழாயின் வால்வை முக்கால்வாசி மூடி, திரும்பாதபடி சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார். அவருடைய குழாய் முழுக்கத் திறந்திருந்தது. ஆரோக்கியம் அந்தக் குழாயைத் தொட்டுவிட்டுச் சுள்ளென்று கையை உதறினார்.

"மொத்தமாகச் சேமிப்புத்தானே, எல்லோருக்கும் நல்லதுதானே" என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்.

சங்கிலியைக் கழற்ற வைத்தார்கள். நிலவறைக்கு இன்னொரு சாவி செய்து குடியிருப்பவர்களிடம் கொடுக்க வைத்தார்கள். ஒரு எச்சரிக்கைக் கடிதம். அவ்வளவுதான். ஒரு உயிரைக் கொல்லப் பார்த்ததற்கு அவ்வளவுதான். அதைக் கொலை முயற்சி என்று நான் சொன்னபோது அதிகாரிக்குச் சங்கடமாக இருந்தது. வேறு எந்தச் சொல்லும் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு குளிர்காலம் முடியும்வரை ரோசி எந்தத் திருகையும் தொடவில்லை. ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து, "நாங்க சேமிச்சா மிச்சமாகிற சூடு யாருக்குப் போகுதுன்னு டீச்சரைக் கேட்டேன், அவங்களுக்குத் தெரியல" என்றாள். ஜெர்மனில்தான் சொன்னாள். பரவாயில்லை.

கிரேமர் அம்மாளிடம் அந்த இரண்டு குழாய்களைப் பற்றி நான்தான் சொன்னேன். முழுதும் கேட்டார். "அவர் வீடு சூடாக இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் போகும்வரை திரும்பவில்லை.

மார்ச் மாதம் வீட்டுக்கு வந்தார். இன்னும் ஒரு ஆள் பிடித்தால்தான் நடக்க முடியும். நான் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, சமையலறை ரேடியேட்டரைத் திறந்துவிட்டு, ரசத்தைச் சுடவைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் வீட்டுக்காரர் நிற்கிறார், கையில் மஞ்சள் பூக்கள்.

"உள்ளே வரலாமா? நலம் விசாரிக்க வந்தேன்" என்றார். என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, குரலை உயர்த்தி, "அம்மா, நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவ்வளவு கடுமையாகச் சேமிக்க வேண்டும் என்று நான் சொல்லவேயில்லையே!" என்றார்.

கிரேமர் அம்மாள் கரண்டியைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பூக்களைப் பார்த்தார். அவரைப் பார்க்கவில்லை.

"மேரி, கதவைச் சாத்து" என்றார். "சூடு வெளியே போகிறது."

சாத்தினேன். தேவைக்குக் கொஞ்சம் அதிக வேகமாகவே.